உதிரிகள்

டீ வருவதற்கு முன்பே
முதல் கேள்வியைப் போட்டுவிடுவான் சுகவனம்:
“எழுபத்தொன்பது லீக்.
ஒரே ஆளை மூணு தடவை ரன் அவுட் ஆக்கிவிட்ட புண்ணியவான்?”

கொலுசுக்குத் திருகாணி முடுக்கியபடியே
நிமிராமல் சொல்வான் ஜிலானி:
“அரிசிப்பாளையம் தட்சணாமூர்த்தி. அவுட்டானது மச்சான்காரன்.
தங்கச்சி கல்யாணத்துக்கு முன்னாடி ஒண்ணு,
பின்னாடி ரெண்டு.”

ஞாயிற்றுக்கிழமை, செவ்வாய்ப்பேட்டை.
மூடிய ஜவ்வரிசி மண்டிக்கு வெளியே நாங்கள் மூவர்.
சதம் அடித்தவர்களைப் பற்றிப் பேசுவதில்லை.
அவர்களுக்குக் கோப்பை இருக்கிறது, கண்ணாடி அலமாரி இருக்கிறது.
எங்களுக்கு வேண்டியது
தொண்ணூற்றெட்டில் இரண்டு முறை நின்றுபோன
தபால் ஆபீஸ் நெப்போலியன்.
மூக்குக்கண்ணாடியை ரப்பர் பேண்டால் கட்டிக்கொண்டு
ஒன்பது வருஷம் கீப்பிங் செய்த சாம்பசிவம்:
மொத்தம் ஒரே ஸ்டம்பிங், அதுவும்
முழங்காலில் பட்டுத் தெறித்த பந்து தானாகச் செய்தது.
மேக்னசைட் டீமில் ஒரு வேகப்பந்து,
ஓடிவரும்போது வெள்ளை மண்ணும் பின்னாலேயே எழுந்து வரும்,
பெயர் மறந்துவிட்டது,
நோ பால் மட்டும் நூற்று முப்பத்தேழு.
முப்பத்தெட்டு என்பான் சுகவனம்.
அதற்கே அரை மணி போகும்.

பிறகு எப்படியும் மலை ஏறிவிடுவோம்.

ஏற்காடு, எஸ்டேட் மைதானம், ஐப்பசி.
சேர்வராயன் என்றொரு இடதுகைச் சுழல்.
எட்டு ஓவர், எட்டு மெய்டன், ரன் இல்லை, விக்கெட் இல்லை.
அடிப்பவனுக்குப் பந்து தெரியவில்லை.
போடுபவனுக்கு ஸ்டம்பு தெரியவில்லை.
பெயில்ஸ் விழுந்த சத்தம் கேட்டுக் கீப்பர் கத்தியதற்கு
“நான் பார்க்கல, அதனால அது விழல” என்றாராம்
பனிக்குள்ளிருந்து அம்பயர்.

“ஏழு மெய்டன்தான். கடைசிப் பந்துல ஒரு பை.”
“பை பவுலர் கணக்குல வராதுடா. எட்டே எட்டு.”
“சரி, அந்தப் பையை ஓடினது யாரு?
அந்தப் பக்கம் கோதண்டம். இந்தப் பக்கம்?”
“பெலிக்ஸ். ஸ்கோர் நோட்டுல இருக்கு.”
“பெலிக்ஸ் பஸ்ஸுலயே படுத்துக் கிடந்தான்.
இருபது கொண்டை ஊசிக்கும் இருபது வாந்தி,
வாயில எலுமிச்சம்பழம். நான் பார்த்தேன்.”
“அப்ப யாரு?”

நாற்பது வருஷத்துக்கு மேலாக
இந்த இடத்தில்தான் நிற்கிறது.

பஸ் கூரையில் தென்னைநார்ப் பாயைக் கட்டி
ஏற்றி இறக்கப் போன பையன் நான்.
“பேடைக் கட்டுடா. கேட்டா பெலிக்ஸுனு சொல்லு” என்றார் கேப்டன்.
யாரும் கேட்கவில்லை.
வெள்ளைக்குள் எங்கிருந்தோ ‘வா’ என்றது ஒரு குரல்.
தேய்ந்த கேன்வாஸுக்கு அடியில்
பாயின் நார் உறுத்தும்வரை வழி சரிதான் என்று ஓடினேன்.
கீப்பர் மூச்சு வாங்குவது கேட்ட இடத்தில் நின்றேன்.
சந்தித்த பந்து பூஜ்யம். எடுத்த ரன் பூஜ்யம்.
பெயரும் என்னுடையதில்லை.
ஆட்டத்தைக் கைவிட்டார்கள்.
பாயைச் சுருட்ட ஆளைத் தேடினார்கள்.

சொல்லிவிடலாம்.
சொன்னால் சுகவனம் நோட்டில் திருத்திக்கொள்வான்,
ஜிலானி ‘அட’ என்பான்,
பத்தரைக்கே வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும்.

போன வாரம் ஜிலானிதான் தோற்றுவந்தான்.
ஆத்தூரில் பெலிக்ஸின் மகனைப் பார்த்தானாம்.
அப்பா சாகும்வரை அந்த ஒரு பையைச் சொல்லிக்கொண்டே இருந்தாராம்,
பனியாம், குரலாம்,
காலுக்கடியில் தென்னைநார் உறுத்தியதாம்.
“அனுபவிக்காதவன் நாரைப் பத்திச் சொல்ல முடியுமா?
ஓடினது அவன்தான்.”
நோட்டை மூடித் தட்டினான் சுகவனம்.

மலை இறங்கிய பஸ்ஸில்
என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தான் பெலிக்ஸ்.
தூங்கிவிடாமல் இருக்க
ஏதாவது சொல்லிக்கொண்டே வா என்றான்.

இன்னும் மூன்று டீ சொன்னேன்.
“எண்பதாம் வருஷ லீக்,” என்று ஆரம்பித்தான் சுகவனம்.